படித்த வீடு

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பின் மூன்று ஆடம்பர ஹோட்டல்களிலும் காலையிலேயே குண்டுகள் வெடித்து முடிந்திருந்தன. பிற்பகல் பொலிஸார் தெமட்டகொடை மஹவில கார்டன்ஸில் மூன்று மாடி வீடொன்றுக்குப் போனார்கள். வாசனைத் திரவிய வணிகத்தில் பெயரெடுத்த ஒருவரின் வீடு அது. அவருடைய மகன்கள் இருவர் அன்று காலை ஷங்ரி-லாவிலும் சினமன் கிராண்டிலும் தம்மோடு சேர்த்துப் பலரைக் கொன்றிருந்தார்கள். பொலிஸார் உள்ளே நுழைந்தபோது வீட்டிலிருந்த மருமகள் குண்டை வெடிக்கவைத்தார். மூன்று பொலிஸார் இறந்தார்கள். அந்தப் பெண்ணோடு அவருடைய சிறு பிள்ளைகளும் போனார்கள்.

மூன்று நாள் கழித்துப் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் ருவன் விஜேவர்தன பத்திரிகையாளர்களிடம் ஒரு விபரம் சொன்னார். குண்டுதாரிகளில் பெரும்பாலானவர்கள் நன்றாகப் படித்தவர்கள், நடுத்தர அல்லது மேல் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகள். ஒருவர் இங்கிலாந்தில் படித்து அவுஸ்திரேலியாவில் மேற்படிப்பும் முடித்துத் திரும்பியவர். சட்டம் படித்த ஒருவரும் அவர்களில் இருந்தார் என்று பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகு வெள்ளவத்தைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனை பஸ் தரிப்பிடத்திலும் மரண வீடுகளிலும் ஒரே கேள்விதான்: “படிச்ச பிள்ளையள், காசுக்கும் குறைவில்லை. பிறகு ஏன் இப்பிடி?”

துக்கத்தில் வந்த கேள்வி அது. ஆனால் அதற்கு அடியில் ஒரு கணக்கு கிடக்கிறது. வறுமையும் எழுத்தறிவின்மையும் கொலைகாரர்களை உண்டாக்கும், பட்டமும் வங்கிக் கணக்கும் அதைத் தடுக்கும் என்பது அந்தக் கணக்கு. வனாத்தமுல்லையின் பலகை வீடொன்றிலிருந்து ஒரு பையன் போய் வெடித்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்கமாட்டோம். ஏழை செய்யும் குற்றத்துக்கு அவனுடைய ஏழ்மையே போதுமான விளக்கம் என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதி வைத்திருக்கிறோம். தெமட்டகொடையில் வாய்க்கால் ஓரத்து வரிசை வீடுகளில் இருந்து நாட்கூலிக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பு நன்றாகத் தெரியும். பொலிஸ் சுற்றிவளைப்பு என்றால் முதலில் தட்டப்படுவது அவர்களுடைய கதவு. மஹவில கார்டன்ஸின் வாயிற்கதவைத் தட்டுவதற்கு அன்று பிற்பகல்வரை யாருக்கும் தோன்றவில்லை.

இந்த நாட்டின் சரித்திரம் அந்தக் கணக்குக்கு ஒருபோதும் ஒத்துழைத்ததில்லை. தெமட்டகொடையிலிருந்து பேஸ்லைன் வீதியால் பொரளைப் பக்கம் போனால் வெலிக்கடைச் சிறைச்சாலை வருகிறது. 1983 ஜூலை 25ஆம் திகதியும் 27ஆம் திகதியும் அதற்குள் 53 தமிழ்க் கைதிகள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். காந்தியம் அமைப்பைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவரான வைத்தியர் இராஜசுந்தரம் அவர்களில் ஒருவர். மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களை வவுனியாவில் குடியேற்றுவதில் தன் படிப்பைச் செலவிட்ட மனிதர். கொல்ல வந்தவர்களோடு பேசிப்பார்க்க முன்னால் போனவர் அவர் என்று உயிர் தப்பியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சிறைக்கு வெளியே, நகரத் தெருக்களில், தமிழர் வீடுகளைத் தேடிய காடையர் கூட்டங்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. அச்சிட்ட இடாப்பைப் புரட்டி, வீட்டிலக்கம் பார்த்து, பெயரை வாசித்து, எதைக் கொளுத்துவது எதை விடுவது என்று முடிவெடுக்க எழுத்தறிவு வேண்டும். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. 1983இல் தெருவில் இறங்கிய இளைஞர்கள் அதன் இரண்டாம் தலைமுறை. கன்னங்கராவைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர் இல்லாவிட்டால் இதை எழுதுகிறவனும் வாசிக்கிறவர்களில் பாதிப்பேரும் பள்ளிக்கூட வாசலையே தாண்டியிருக்கமாட்டோம். எல்லோருக்கும் பள்ளிக்கூடம் கிடைத்த நாட்டில் பள்ளிக்கூடம் என்ன கற்றுக்கொடுத்தது என்று கேட்காமல் விட்டுவிட்டோம் என்பதுதான் என் பேச்சு.

தெமட்டகொடை மதில்களில் அதற்கு ஒரு பதில் ஒட்டப்பட்டிருக்கிறது. டியூசன் போஸ்டர்கள். கோட்டும் டையும் போட்ட ஆசிரியரின் பெரிய முகம், கீழே பாடம், ஆண்டு, தொலைபேசி இலக்கம். சினிமா நட்சத்திரங்களுக்குக்கூட இப்போது இவ்வளவு சுவர் கிடைப்பதில்லை. ஐந்தாம் தரத்துப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று பத்து வயதில் ஏறும் பிள்ளை பத்தொன்பதில் இறங்குகிறது. மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், மேடையில் ஒலிவாங்கியோடு ஆசிரியர். கடந்தகால வினாத்தாள், மாதிரி வினாத்தாள், எதிர்பார்க்கை வினாக்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டம். விடையை விளங்கி எழுதினாயா என்பது அங்கே இரண்டாம் பட்சம். திட்டத்திலுள்ள சொல் உன் விடையில் விழுந்திருக்கிறதா என்பதே கேள்வி. கெட்டிக்கார ஆசிரியர் என்றால் அந்தச் சொற்களை மனதில் ஏற்றிவிடுகிறவர். பல்தேர்வு வினாவில் ஐந்து விடைகள், ஒன்று சரி, நான்கு பிழை. வினாவே பிழையாக இருந்தால் என்ன செய்வது என்று எழுந்து கேட்கும் பிள்ளையால் பாடத்திட்டம் முடியாமல் போகும். அப்படிப்பட்ட பிள்ளைகள் மெல்ல மெல்லக் கேட்பதை விட்டுவிடுகின்றன. 2001இலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி வேறு. தசமத்துக்குப் பின்னால் நான்கு இலக்கம். கடைசி இலக்கத்தில் ஒருவர் வைத்தியராகிறார், பக்கத்திலிருந்தவர் மறுபடியும் டியூசனுக்குப் போகிறார்.

இந்த இயந்திரம் நல்ல வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் தந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பதின்மூன்று வருடம் ஒரு மனதை இப்படிப் பழக்கினால் அதற்குள் ஒரு நம்பிக்கை இறுகிவிடுகிறது. எதற்கும் ஒரு சரியான விடை உண்டு. அது யாரோ ஒருவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. சந்தேகப்படாமல் அதை வாங்கிக்கொள்கிறவன் வெல்வான். இந்த நம்பிக்கையோடு வெளியே வருகிறவனிடம் இன்னொரு மேடையில் இன்னொரு ஒலிவாங்கியோடு நிற்பவர் அதிகம் உழைக்க வேண்டியதில்லை. குண்டுதாரிகளின் தலைவர் சஹ்ரான் ஹாசிம் அரபுக் கல்லூரியிலிருந்து விலக்கப்பட்டவர். வெளிநாட்டுப் பட்டதாரியும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் அவரிடம் பாடம் கேட்டார்கள். பட்டத்தை வைத்துப் பார்த்தால் இது புதிர். பழக்கத்தை வைத்துப் பார்த்தால் புதிர் இல்லை.

டியேகோ கம்பெட்டாவும் ஸ்டெஃபன் ஹெர்ட்டோக்கும் 2016இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். இஸ்லாமியத் தீவிரவாத இயக்கங்களில் சேர்ந்த உயர்கல்வி பெற்றவர்களில் பொறியியல் படித்தவர்களின் பங்கு வழக்கத்துக்கு மிக அதிகம் என்று அவர்கள் கணக்கெடுத்துக் காட்டினார்கள். ஆசைகாட்டி ஏமாற்றிய உத்தியோகச் சந்தை ஒரு காரணம், ஐயத்தைத் தாங்க முடியாமல் ஒழுங்கை வேண்டி நிற்கும் மனப்போக்கு இன்னொன்று என்பது அவர்களுடைய வாதம். என் பொறியியலாளர் நண்பர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். பாலம் கட்டும் கணக்கில் குண்டு இருக்கிறது என்று அந்தப் புத்தகமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கலைப்பிரிவில் படித்தால் மனிதனாகிவிடலாம் என்ற ஆறுதலும் எனக்கு இல்லை. 1971 ஏப்ரலில் பொலிஸ் நிலையங்களைத் தாக்கிய ஜே.வி.பி. இளைஞர்களில் தாய்மொழியில் படித்தும் வேலை கிடைக்காதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சாதாரண தரம்வரை சமயம் கட்டாய பாடம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தை மட்டுமே படிக்கிறது. சைவப் பிள்ளைக்கு ஐந்து தொழுகை நேரங்களின் பெயர் தெரியாது. முஸ்லிம் பிள்ளைக்குப் பெரிய வெள்ளி எதற்கு விடுமுறை என்று தெரியாது. பதினொரு வருடம் படித்து ‘ஏ’ எடுத்த பிள்ளைகள் இவர்கள். மொழிக்கொரு பாடசாலை, சமயத்துக்கொரு பாடசாலை என்று பிரித்துவைத்த பிறகு, அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிய அறிவு பேச்சுவாக்கிலும் வதந்தியிலும்தான் வந்து சேர்கிறது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. தெமட்டகொடைக்கு அடுத்துள்ள மருதானையில் 1892இல் தொடங்கிய ஸாஹிராக் கல்லூரிக்கு 1948இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் அதிபராக வந்தார். இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம். அந்தப் பதவியைத் துறந்துவிட்டுப் பாடசாலைக்கு வந்தவர். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, குர்ஆன் பள்ளியில் ஓதி, பிறகு வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ். இந்துக் கல்லூரியிலும் படித்தவர். அவருடைய ஸாஹிராவில்தான் கரவெட்டியிலிருந்து வந்த கார்த்திகேசு சிவத்தம்பி படித்தார், பின்னர் அங்கேயே படிப்பித்தார். முஸ்லிம் பிள்ளை இந்துக் கல்லூரியிலும் இந்துப் பிள்ளை ஸாஹிராவிலும் படித்தது அன்று ஒரு செய்தியாகக்கூட இருந்திருக்காது. பின்னால் தமிழ் விமர்சனத்தில் சிவத்தம்பி எடுத்த இடத்தை நினைக்கும்போது, ஸாஹிராவின் வகுப்பறைக்கு நாம் பட்ட கடன் கொஞ்சமல்ல.

அஸீஸ் படித்த அதே யாழ்ப்பாணத்திலிருந்து 1990 ஒக்டோபர் இறுதியில் முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சில மணி நேர அவகாசம், கையில் சொற்பக் காசு. அந்த நகரம் படிப்பால் பெருமைப்பட்ட நகரம். பல்கலைக்கழகமும் பெயர்பெற்ற கல்லூரிகளும் இருந்த நகரம். தரப்படுத்தல் வந்தபோது பல்கலைக்கழக இடங்களுக்காக ஒரு தலைமுறையே கொதித்தெழுந்த நகரம். அயலவர்கள் பையோடு தெருவால் போனபோது அந்தப் படிப்பாளிகளில் மிகப் பெரும்பாலானோர் ஒன்றும் சொல்லவில்லை. துப்பாக்கிக்குப் பயந்தார்கள், அது உண்மை. உடற்கூற்றியல் துறைத் தலைவி ராஜினி திராணகம பேசியதற்காக 1989 செப்டம்பர் 21ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆனால் பயம் தெளிந்த பிறகும், வெளிநாடு போய்ச் சேர்ந்த பிறகும் தொடர்ந்த மௌனத்துக்குத் துப்பாக்கி காரணமாகாது. தெமட்டகொடை வீட்டைப் பார்த்து “படிச்ச ஆக்களா?” என்று வாய் பிளக்குமுன் நாங்கள் பார்க்க வேண்டிய வீடு எங்கள் வீடு.

அரசாங்கமும் வாசிக்கத் தெரிந்ததுதான். 2019 ஏப்ரல் முதலாம் திகதி சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் பொல்கஹவெலவில் கைதானார். முகப்புத்தகத்தில் அவர் போட்ட ஒரு சிறுகதை பௌத்தத்தை இழிவுபடுத்துகிறது என்று பிக்குகள் முறையிட்டிருந்தார்கள். சிவில், அரசியல் உரிமைகளைப் பாதுகாக்கவென்று 2007இல் வந்த சட்டத்தின் கீழ் ஒரு கதாசிரியர் நான்கு மாதம் விளக்கமறியலில் இருந்தார். அவர் கைதாகி மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 4ஆம் திகதி, தாக்குதல் நடக்கப்போகிறது என்ற இந்திய உளவுத் தகவல் கொழும்புக்கு வந்தது. 11ஆம் திகதி பொலிஸ் உயரதிகாரி ஒருவர் ஒப்பமிட்ட குறிப்பில் சஹ்ரானின் பெயரும் கத்தோலிக்க தேவாலயங்கள் இலக்காகலாம் என்பதும் எழுத்தில் இருந்தன. அந்தத் தாள் மேசைக்கு மேசை போனது. எல்லா மேசையிலும் இருந்தவர்கள் பரீட்சை எழுதி வந்தவர்கள். அதற்கும் வெகு முன்பே, காத்தான்குடியில் சஹ்ரானைப் பற்றி அந்த ஊர் முஸ்லிம்களே பொலிஸில் முறையிட்டிருந்தார்கள். அந்த முறைப்பாடுகளுக்கும் அதே கதிதான். 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொலிஸ் மா அதிபராயிருந்தவருக்கும் அரச புலனாய்வுச் சேவைத் தலைவராயிருந்தவருக்கும் தலா ஏழரைக் கோடி. கதையை வரிவரியாக வாசித்துக் குற்றம் கண்டுபிடிக்க நேரமிருந்த நாட்டில், பெயரும் இடமும் எழுதி வந்த கடிதத்துக்கு விலை அவ்வளவு.

இந்த வாசிப்பு பிறகும் திருந்தவில்லை. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம், இளம் ஆசிரியர். 2017இல் ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டவர். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அந்தக் கவிதைகள் தீவிரவாதத்தைத் தூண்டுகின்றன என்பது குற்றச்சாட்டு. தமிழ் தெரிந்தவர்கள் எடுத்து வாசித்தபோது அவற்றில் வன்முறைக்கும் தீவிரவாதத்துக்கும் எதிரான குரல் இருந்தது. 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தில் விடுதலை. ஒரு கவிதை என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள அரசுக்கு மூன்றரை வருடம் பிடித்திருக்கிறது.

படித்தவர்களைப் பற்றிய நேரடி உதாரணம் கேட்கிறவர்களுக்கு, அதே 2019இல் நடந்த இன்னொன்றைச் சொல்லலாம். குருநாகல் வைத்தியசாலையில் மகப்பேற்று வைத்தியராயிருந்த ஷாபி ஷிஹாப்தீன் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்று மே மாதத்தில் ஒரு பத்திரிகை எழுதியது. ஓர் அறுவைச் சிகிச்சையில், தாதிகளும் மயக்க மருந்து வைத்தியரும் சுற்றி நிற்க, யார் கண்ணிலும் படாமல் அதைச் செய்ய முடியுமா என்று கேட்க வைத்தியப் படிப்புக்கூட வேண்டாம். படித்தவர்கள் நம்பினார்கள். வைத்தியர்களே சிலர் மேடையேறிச் சொன்னார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. 2022இல் அவருக்கு நிலுவைச் சம்பளமாக 26 இலட்சத்துக்கு மேற்பட்ட ரூபா கிடைத்தது. நாடு மருந்தில்லாமல் தவித்த வருடம் அது. அவர் அந்தப் பணத்தை அரச வைத்தியசாலைகளுக்கு மருந்து வாங்கும்படி திருப்பிக் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே படித்த ஒருவரும் இங்கே இருந்தார். கொட்டாஞ்சேனை ஸ்ரீ கதிரேசன் வீதியில் ஒரு காலத்தில் ‘மல்லிகை’ என்றால் வழி காட்டுவார்கள். டொமினிக் ஜீவா அங்கிருந்துதான் தன் கடைசிக் காலத்து இதழ்களைக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்தில் சிறுவயதிலேயே சாதிச் சொல் பொறுக்காமல் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறி, தகப்பனின் சவரக்கடையில் கத்தரிக்கோல் பிடித்தவர். அங்கே வந்துபோன மனிதர்களும் அங்கே கிடந்த பத்திரிகைகளும் அவருக்கு வகுப்பறையாயின. 1960இல் வந்த ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுப்புக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966 ஓகஸ்டில் தொடங்கிய ‘மல்லிகை’யை 2012வரை நடத்தினார். அட்டையில் சக எழுத்தாளர்களின் படம். உள்ளே தென்னிலங்கை முஸ்லிம் எழுத்தாளர்கள், மலையகத்தவர்கள், சிங்களக் கதைகளின் மொழிபெயர்ப்புகள். போர் நடந்த வருடங்களிலும் அப்படித்தான். பள்ளிக்கூடம் பிரித்துவைத்தவர்களை ஒரு சவரத் தொழிலாளியின் மாத இதழ் ஒரே அட்டைக்குள் உட்காரவைத்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முதுகலைமாணிப் பட்டம் தர முன்வந்தபோது அவர் வேண்டாம் என்றார். சஹ்ரானும் பாதியில் வெளியே வந்தவர், ஜீவாவும் பாதியில் வெளியே வந்தவர். பள்ளிக்கூடக் கணக்கேட்டில் இரண்டு பெயருக்கும் நேரே ஒரே குறிப்புத்தான் இருக்கும்.

ஆகவே தெமட்டகொடை வீட்டைப் பற்றி இன்னொருமுறை பேச்சு வரும்போது அந்தப் பிள்ளைகள் எவ்வளவு படித்தார்கள் என்று கேட்பதை விட்டுவிடலாம். யாரோடு படித்தார்கள், எந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்கு இடமிருந்தது என்று கேட்கலாம். தெமட்டகொடையின் ஹைரியா மகளிர் கல்லூரியும் மருதானையின் ஸாஹிராவும் ஆனந்தாக் கல்லூரியும் ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லை. பெற்றோராகவும் ஆசிரியராகவும் உள்ள வாசகர்கள் கல்விச் சீர்திருத்தம் பற்றிய கூட்டங்களுக்குப் போகிறீர்கள், மனு எழுதுகிறீர்கள். அடுத்த மனுவில் ஒரு வரி சேருங்கள்: சமய பாடத்தில் ஒரு வருடத்துக்கு ஒரு தவணை அயலவரின் சமயத்துக்கு ஒதுக்க வேண்டும், அதை அந்தச் சமயத்தவரே வந்து சொல்லித்தர வேண்டும். அந்தத் தவணைக்கு மட்டும் பரீட்சை வைக்க வேண்டாம்.